விறைப்போடு காய்ச்சல் வந்தால்... வாசகர் கேள்விகள், நரம்பியல் பதில்கள்

சென்ற இதழில் நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் அன்றாடக் கவனிப்பு பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையைச் சொல்கின்றன. வரிசையாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நோய் தானாக முற்றி வந்த ஆபத்து குறைவு. ஒரு மாத்திரை நின்றதாலோ, தெரியாமல் ஒரு ஊசி போட்டதாலோ வந்ததுதான் அதிகம். அவசர உதவி சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. 9 வருடமாகப் பார்க்கின்சன். குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சேர்த்தோம். முதல் நாள் ராத்திரியிலிருந்தே வாயில் எதுவும் போகக்கூடாது என்றார்கள். ஆபரேஷன் முடிந்தும் வாந்தி இருந்ததால் இரண்டு நாள் எந்த மாத்திரையும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் 103. உடம்பு பலகை மாதிரி விறைத்துவிட்டது, எங்களையே அடையாளம் தெரியவில்லை. டெங்கு, டைஃபாய்டு என்று எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் வேறொரு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டு மாத்திரை கொடுத்த பிறகுதான் தேறினார். இப்போது முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறோம். பயமாக இருக்கிறது. – திருச்சி வாசகி

பதில்: உங்கள் அப்பாவுக்கு வந்தது பார்க்கின்சன் உயர்காய்ச்சல் நிலை. மனநோய்க்கான மருந்துகளால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோமுக்கு இது கூடப் பிறந்தது. அங்கே மருந்து போய், மூளையில் அசைவுகளை இயக்கும் ரசாயனமான டோபமீனைத் தடுக்கிறது, இங்கே மருந்து நின்றுபோய் டோபமீன் வற்றுகிறது. விளைவு ஒன்றே.

மூளையில் டோபமீனாக மாறும் மாத்திரையான லெவோடோபா ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோயின் ஆரம்பத்தில் மூளை கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். 9 வருடமான மூளைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அடுத்த வேளை மாத்திரை வராவிட்டால் தசைகள் விட்டுக்கொடுக்காமல் இறுகுகின்றன. இறுகிய தசை சூட்டைக் கிளப்புகிறது. உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிக்கும் டோபமீன் வேண்டும், அதுவும் கை விரித்துவிடுகிறது. நாள்கணக்கில் இறுகிய தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் கருப்பு டீ நிறத்தில் வந்தால் அது அந்தக் கட்டம். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். மருந்து நின்ற ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இது தலைகாட்டும்.

ஆபரேஷன் முடிந்தவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் கிருமித் தொற்றுதான் நினைவுக்கு வரும். அதனால்தான் இது தப்பிப்போகிறது. வீட்டார் பார்க்க வேண்டியது ஒன்று. சாதாரணக் காய்ச்சலில் உடம்பு துவண்டு கிடக்கும். இதில் கையை மடக்கினால் ஈயக் குழாயை வளைப்பது போல ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும். கூடவே வியர்த்துக் கொட்டும், நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும், பேச்சு குழறும். தொற்றே இதைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஆகவே டாக்டர்கள் இரண்டையும் தேடத்தான் வேண்டும். ரிப்போர்ட் வரட்டும் என்று மாத்திரையை நிறுத்திவைப்பதுதான் தப்பு.

சிகிச்சையின் முதல் படி, வழக்கமான லெவோடோபாவை வழக்கமான அளவில் ரைல்ஸ் டியூப் எனப்படும் மூக்குக் குழாய் வழியாக உடனே தொடங்குவது. டிரிப்ஸ் தாராளமாக ஏற வேண்டும், உடம்பை ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். பாராசிட்டமால் மட்டும் போட்டு இந்தக் காய்ச்சல் இறங்காது. கடுமையாக இருந்தால் புரோமோகிரிப்டினும் தசையைத் தளர்த்தும் டான்ட்ரோலீனும் சேர்ப்பார்கள். எச்சில் நுரையீரலுக்குள் போவதும், காலில் ரத்தம் உறைவதும் கூடவே வரும் ஆபத்துகள். ஐசியூ இதற்காகத்தான்.

இனி முழங்கால் ஆபரேஷன். அன்றைய பட்டியலில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். "வாயில் எதுவும் கூடாது" என்பதை டிபனுக்கும் பாலுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பொதுவாக வெறும் தண்ணீரை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள். விடிகாலை மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்க அது போதும். முதுகுத் தண்டில் ஊசி போட்டுச் செய்தால் சீக்கிரமே வாயால் மாத்திரை எடுத்துக்கொள்ள முடியும். முழங்காலுக்கு அது ஒரு வசதி. பிறகும் விழுங்க முடியாவிட்டால் அன்றே ரைல்ஸ் டியூப் போடச் சொல்லுங்கள்.

குழாயில் கொடுப்பதில் இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறார்கள். சிஆர் என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையைப் பொடித்தால், மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கும். சாதாரண மாத்திரையாக மாற்றி, அளவையும் டாக்டர் திருத்தித் தர வேண்டும். அடுத்தது, புரதப் பவுடர் கரைத்த உணவோடு சேர்த்து மாத்திரையைக் கொடுப்பது. குடலில் லெவோடோபாவும் புரதமும் ஒரே வாசலுக்கு முட்டிக்கொள்ளும். மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து உணவு, அல்லது உணவு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை. ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும்.

அப்பா பார்க்கின்சனுக்கு ராசாஜிலினோ செலிஜிலினோ சாப்பிட்டால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவற்றோடு வலி மருந்துகளான பெத்திடினும் டிரமடாலும் ஒத்துவராது. ஆபரேஷன் வலிக்கு டிரமடால் கை பழக்கத்தில் எழுதப்படும் மருந்து, அதனால் இதை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை ஒட்டுங்கள். "1-1-1-1" என்று எழுதினால் வார்டில் அவர்கள் நேரத்துக்குத்தான் கொடுப்பார்கள். கடிகார நேரத்தோடு எழுதுங்கள். மாதிரிக்கு: "பார்க்கின்சன் நோயாளி. லெவோடோபா 100 + கார்பிடோபா 25 மி.கி.: காலை 6 – ஒன்று, 10 – ஒன்று, மதியம் 2 – ஒன்று, மாலை 6 – ஒன்று, இரவு 10 – அரை. அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் கூடாது. வாந்திக்கு ஆன்டான்செட்ரான்." கூடாது என்று எழுதிய மூன்றும் டோபமீனைத் தடுப்பவை. அபோமார்ஃபின் என்ற பார்க்கின்சன் ஊசி போட்டுக்கொள்பவர்கள் மட்டும் கடைசி வரியை அடித்துவிட வேண்டும். அதோடு ஆன்டான்செட்ரான் சேர்ந்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. "அது வெறும் நாட்டு மருந்துதானே" என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டு, திடீரென்று நிறுத்தினால் இதே கதைதான்.

கேள்வி: 17 வயது மகளுக்கு வாந்தி. பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள். சாயங்காலம் கழுத்து பின்னால் முறுக்கிக்கொண்டது, கண் மேலே செருகிவிட்டது, நாக்கு வெளியே தள்ளியது. காத்து கருப்பு என்று என் மாமியார் வேப்பிலை எடுக்கப் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டு 20 நிமிடத்தில் சரியானது. இது வலிப்பா? திரும்ப வருமா? – கும்பகோணம் வாசகி

பதில்: வலிப்பு இல்லை. உங்கள் மகள் அந்த நேரம் முழுக்க விழிப்போடுதான் இருந்திருப்பாள், வேப்பிலை உட்பட எல்லாம் நினைவிருக்கும். கேட்டுப் பாருங்கள். கை கால் வெட்டும் பெரிய வலிப்பில் நினைவு தப்பும். இங்கே நினைவு தெளிவாக இருக்க, கழுத்து, கண், தாடை, நாக்கு மட்டும் முறுக்கும். பெயர் அக்யூட் டிஸ்டோனியா.

வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடோ புரோகுளோர்பெரசினோதான் பெரும்பாலும் காரணம். மூளையில் அசைவுகளைச் சீராக்கும் பகுதியில் டோபமீன் அடைபட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் கை ஓங்கிவிடுகிறது. இளவயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வரும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறக்குறைய எல்லாமே 5 நாளுக்குள் வந்துவிடும். மாற்று ஊசி, பெரியவர்களுக்குப் புரோமெத்தசின் 25 மி.கி. தசையில் ஆழமாக. 10 முதல் 30 நிமிடத்தில் முறுக்கு அவிழும். 2 வயதுக்குக் கீழான குழந்தைக்கு இது கூடாது.

சரியாகிவிட்டதென்று வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதில்தான் பிரச்சினை. முறுக்கை அவிழ்த்த ஊசி இறங்கிவிடும், முறுக்கிய மருந்து உடம்பில் மிச்சமிருக்கும், மறுநாள் திரும்ப முறுக்கும். அதனால் டிரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. போன்ற மாத்திரையை இரண்டு மூன்று நாளாவது எழுதித் தருவது வழக்கம். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

முறுக்கும் நேரத்தில் கழுத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். வாயில் ஸ்பூன், சாவி எதுவும் வைக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம், புரையேறும். குரல் திடீரென்று மாறினாலோ, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ குரல்வளையே முறுக்குகிறது என்று பொருள். அது நிமிடக்கணக்கு, உடனே 108.

ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013-லேயே மெட்டோகுளோபிரமைடைப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி., அதிகபட்சம் 5 நாள் என்று சுருக்கிவிட்டது. ஒரு வயதுக்குள் அறவே கூடாது என்றும் சொன்னது. மகளின் மருத்துவக் குறிப்பேட்டில் "அலர்ஜி" இருக்கும் இடத்திலேயே இந்த மருந்தின் பெயரை எழுதிவையுங்கள். கறாராகச் சொன்னால் இது அலர்ஜி இல்லைதான். ஆனால் அவசரத்தில் எல்லோரும் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. போன மாதம் திடீரென்று இடது கையும் காலும் தாமாகத் தூக்கி வீச ஆரம்பித்தன. தூங்கினால் நின்றுவிடும். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். குழப்பமாக இருக்கிறது. – சேலம் வாசகர்

பதில்: சர்க்கரை மிக அதிகமாகி, கீட்டோன் என்ற அமிலம் சேராமல், வாரக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டால் வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இப்படி வீசும். மூளையின் ஆழத்தில் புட்டமென் என்ற பகுதி சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். ரத்தக்கசிவும் வெள்ளைதான், அதுதான் அந்தக் குழப்பம். கசிவு என்றால் சுற்றிலும் வீக்கம் இருக்கும், பக்கத்துத் திசுவைத் தள்ளும். இது அந்தப் பகுதியின் எல்லைக்குள்ளேயே அடங்கி நிற்கும்.

இப்படிக் கை வீசும் யாருக்கும் முதல் பரிசோதனை விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். குளுக்கோமீட்டர் 400, 500 என்று காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. தாழ்சர்க்கரையிலும் அபூர்வமாக இப்படி வரும், ஆகவே பார்க்காமல் இன்சுலின் போடக் கூடாது. ஆஸ்பத்திரி போவதற்குள் யாராவது இன்சுலின் போட்டிருந்தால் அங்கே அளவு இயல்பாகத் தெரியும். அப்போது மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுக்கும்.

நிமிடத்தில் தொடங்கியிருந்தால் பக்கவாதத்தையும் விட்டுவிடக் கூடாது. சப்தாலமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதியில் அடைப்பு வந்தாலும் இதே வீச்சுதான். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். முதல் அசைவு எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சிகிச்சை இன்சுலினும் டிரிப்ஸும். சர்க்கரையைப் படிப்படியாக இறக்க வேண்டும், ஒரே ராத்திரியில் 100-க்குக் கொண்டுவரும் அவசரம் வேண்டாம். வீச்சு நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அடங்கும். தாங்க முடியாவிட்டால் டெட்ராபெனசின் குறைந்த அளவில் தருவார்கள். அதுவரை கட்டில் கம்பிகளுக்குத் தலையணை கட்டுங்கள். கை மோதி மோதித் தோல் பிய்ந்துவிடும். கயிற்றால் கட்டிப் போடாதீர்கள்.

கேள்வி: 8 வயது மகனுக்கு மூளை முடக்குவாதம், உடம்பு முறுக்கும் வகை. ஊரில் மாத்திரை ஸ்டாக் இல்லாமல் நாலு நாள் விட்டுப்போனது. வில் மாதிரி வளைந்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? – நாகர்கோவில் வாசகி

பதில்: நீங்கள் சொல்லும் ராத்திரியே ஓட வேண்டிய ராத்திரிதான். முறுக்கு விடாமல் தொடர்ந்து, தூக்கமும் போனால் அது ஸ்டேட்டஸ் டிஸ்டோனிகஸ் என்ற கட்டத்தை நோக்கிப் போகிறது. காய்ச்சல் 101-க்கு மேல் ஏறுவது, சிறுநீர் கருத்து வருவது அல்லது குறைவது, மூச்சுத் திணறுவது, பால்கூட இறங்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உடம்பைத் தேடிப் பாருங்கள். இந்தக் குழந்தைகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது, முறுக்கித்தான் சொல்வார்கள். மலச்சிக்கல், சிறுநீர் கட்டுதல், பல்வலி, காது சீழ், நெஞ்செரிச்சல், இறுகிய காலணிப் பட்டை. அறை வெளிச்சத்தைக் குறைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடுப்பையும் முழங்காலையும் மடக்கித் தூக்கிக்கொண்டால் பல பிள்ளைகளுக்கு முதுகு வளைவு கொஞ்சம் தளரும்.

டிஸ்டோனியா தூக்கத்தில் அடங்கும். அதனால் ஆஸ்பத்திரியில் தூங்க வைப்பதே சிகிச்சையின் பாதி. குளோனிடின், மிடாசோலம் போன்றவற்றை மூச்சைக் கண்காணித்தபடி தருவார்கள். டிரிப்ஸ், சிபிகே, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பார்கள். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவையும் உண்டு.

தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரை திடீரென்று நின்றால் முறுக்கு மட்டும் வராது. வலிப்பும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வரலாம். குளோனசிபாமும் அப்படித்தான், டிரைஹெக்சிஃபெனிடிலையும் சட்டென்று விடக்கூடாது. எப்போதும் இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே அடுத்ததுக்குச் சொல்லிவிடுங்கள். நாலு நாள் விட்டுப்போன பிறகு பழைய அளவிலேயே தொடங்கலாமா என்பதை டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: மாமனாருக்குப் பார்க்கின்சன். ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்று கத்துகிறார். தூங்குவதற்கு ஒரு ஊசி போட்டார்கள், மறுநாளிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. – வேலூர் வாசகி

பதில்: ஹாலோபெரிடாலாக இருக்கக்கூடும். டோபமீனைத் தடுப்பதால் பார்க்கின்சனுக்கு அது எதிரி மருந்து. திடீர்க் குழப்பம் என்றால் முதலில் சிறுநீர்த் தொற்று, சோடியம், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பார்க்கின்சன் மருந்துகளைக் குறைப்பதென்றால் டிரைஹெக்சிஃபெனிடிலில் தொடங்கி, அமான்டடின், பிரமிபெக்சால் வகை என்று போய், லெவோடோபாவைக் கடைசியில்தான் தொட வேண்டும். அப்படியும் மருந்து தேவையென்றால் குவெட்டியாபின் 12.5 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள்.

அவர் போடும் "கேஸ் மாத்திரை"யின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பான்டோபிரசோலோடோ ராபிபிரசோலோடோ லெவோசல்பிரைட் சேர்ந்திருந்தால் அதுவும் டோபமீனைத் தடுக்கும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. தலைசுற்றலுக்கு வருடக்கணக்கில் வாங்கிப் போடும் சின்னரிசினும் அப்படியே. இந்தக் கலவை மாத்திரைகள் வயிற்றுப் பொருமலுக்கு இத்தனை சரளமாக எழுதப்படுவது எங்களுக்கு உடன்பாடில்லாத விஷயம்.

கேள்வி: கணவருக்கு மூளையில் பேட்டரி வைத்து 11 வருடம். பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? – கோவை வாசகி

பதில்: மூளைக்குள் வைத்த மின்முனைக்கு மின்சாரம் தருவது அந்தப் பேட்டரிதான். பல வருடம் அதை நம்பி ஓடிய உடம்பு, சில மணி நேரத்திலேயே விறைத்துப்போகலாம், முதல் கேள்வியில் சொன்ன உயர்காய்ச்சல் நிலைவரை போகலாம். திடீரென்று இறுகினால் முதலில் கையில் இருக்கும் ரிமோட்டை வைத்துப் பாருங்கள், அணைந்து மட்டும் இருந்தால் போடலாம். தீர்ந்திருந்தால் பேட்டரி வைத்த மையத்துக்கு அன்றே போங்கள். மாற்றும்வரை லெவோடோபாவை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். முதுகுவலிக்குப் பிசியோதெரபியில் டயாதெர்மி சூடு கொடுக்க வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்த அலை மின்முனை வழியாகப் போய் மூளையைச் சுட்டுவிடும்.

கேள்வி: அண்ணனுக்கு எம்எஸ்ஏ (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி, பார்க்கின்சன் போலத் தோன்றும் ஒரு மூளை நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தில் விசித்திரமான குறட்டை. – மதுரை வாசகர்

பதில்: குறட்டை கரகரவென்று தாழ்ந்து வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் விசில் போலக் கீச்சென்று வந்தால் அது குரல்வளை சரியாகத் திறக்காததன் சத்தம். எம்எஸ்ஏ நோயில் தூக்கத்திலேயே உயிர் போவதற்கு இது ஒரு காரணம். இன்று ராத்திரியே போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் நரம்பியல் டாக்டரிடமும் போட்டுக் காட்டுங்கள். பகலில் தொண்டைக்குள் பார்த்தால் இயல்பாகவே தெரியக்கூடும், அதனால் பதிவு முக்கியம். காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் முகமூடி பலருக்குப் போதும், சிலருக்குத் தொண்டையில் துளையிட வேண்டியிருக்கும். அதுவரை தூக்க மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டால் விடியும்வரை பொறுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.